தேவலோகத்துப் புகை

அத்தையின் கல்யாணத்துக்குத் தேவலோகத்தையே எங்கள் ஊர் ஜாசினுக்கு இறக்கிவிடுவது என்று முடிவெடுத்தவர் எங்கள் மாமா. அம்மாவின் ஒரே தம்பி. கல்யாண மேடை அலங்காரம் அவருக்குத் தொழில், அளப்பது பொழுதுபோக்கு. அவர் போட்ட மேடையைப் படம் பிடிக்கச் சிங்கப்பூரிலிருந்தே ஆள் வந்ததாகச் சொல்வார். கூடப் பிறந்த அம்மாவே பாதியைத் தள்ளிவிட்டு மீதியைத்தான் காதில் வாங்குவார். எனக்கும் தம்பிக்கும் மட்டும் மாமா சொன்னால் வேதவாக்கு. எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து.

அத்தை அப்பாவின் தங்கை. பெற்றவர்கள் போன பிறகு எங்கள் வீட்டோடு இருந்தார். அப்பா பெம்பான் பக்கத்தில் பாமாயிலுக்கான ஒரு செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டினார். அம்மா விடியுமுன்னே தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார். எங்களுக்குத் தலை வாரியது, சோறு போட்டது, குளிக்கமாட்டேன் என்று அம்மணமாக ஓடும் தம்பியைத் துரத்திப் பிடித்தது எல்லாம் அத்தைதான். ஜாதகத்தில் செவ்வாய் என்று சொல்லிச் சொல்லியே வந்த மாப்பிள்ளைகளெல்லாம் வந்த வழியே போனார்கள். முப்பது தாண்டி, இனிமேல் அந்தப் பேச்சே எடுக்காதீர்கள் என்று அத்தை கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் கடலோரத்துக் கோலா சுங்கை பாருவிலிருந்து இந்தச் சம்பந்தம் வந்தது.

மாப்பிள்ளை மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் பழுதுபார்க்கிறவர். அதிகம் பேசமாட்டார். பெண் பார்க்க வரும்போது வெறுங்கையோடு வரக் கூச்சப்பட்டு ஒரு பை நிறைய மீன் கொண்டுவந்துவிட்டார். நல்ல காரியத்துக்கு மீனா என்று அப்பா முகம் சுளிக்க, அடுப்படியில் நின்ற அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதற்கப்புறம் ஒருநாள் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் உதட்டுச் சாயம் வாங்கினார். துணி துவைக்கும்போது பாட ஆரம்பித்தார். எனக்கே தெரிந்தது, அத்தைக்கு அந்த மனிதரைப் பிடித்துப் போய்விட்டது என்று.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மாதிரிதான். ஒரு விஷயத்தில் மட்டும் கறார். அவருடைய மூத்த மகன் கல்யாணமான வருஷமே விபத்தில் போய்விட்டான். அந்தக் கல்யாணத்தன்று சகுனம் சரியில்லையாம், யாரும் பொருட்படுத்தவில்லையாம். "இந்த வாட்டி ஒரு கொறையும் வந்துரக் கூடாதுங்க" என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒரு குறையும் வராது என்று அப்பா வாக்குக் கொடுத்தார். பாவம், மாமாவை மறந்துவிட்டுக் கொடுத்த வாக்கு.

கல்யாணத்துக்கு முதல்நாள் மாமா வெள்ளை வெளேரென்று இரண்டு ஐஸ் பெட்டிகளோடு வந்து இறங்கினார். ஐஸ்கிரீம் லாரி ஓட்டும் கூட்டாளி கொடுத்ததாம். உள்ளே இருந்த கட்டிகள் பார்க்க ஐஸ்தான். ஆனால் சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. தம்பி கையை நீட்டினான்.

"தொடாதலா டேய்! தொட்டா கை வெந்துரும்!"

"ஐசு எப்படி மாமா சுடும்?"

"இது காய்ஞ்ச ஐசு. உருகித் தண்ணியா ஆவாது. நேரா பொகையாத்தான் ஆவும்."

துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு துண்டை எடுத்துத் தண்ணீர்க் குவளையில் போட்டார். அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. வெள்ளைப் புகை குவளையின் விளிம்பில் வழிந்து, மேசையிலிருந்து கீழே இறங்கி, தரையில் ஊர்ந்து வந்து என் காலைத் தொட்டது. ஜில்லென்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"பொகைன்னா மேலதான மாமா போவும்?"

"இது காத்தவிடக் கனம். எறங்குனா சீக்கிரம் எந்திரிக்காது. மேகம் மாதிரி தரையிலயே கெடக்கும். நாளைக்கு அதுமேல ஒங்க அத்தை நடந்து வருவாங்க பாரு, தேவலோகம்லா!"

அடுத்த வித்தையாக, விரல்நகம் அளவு ஒரு துணுக்கைப் பலூனுக்குள் போட்டு வாயைக் கட்டினார். யாரும் ஊதாமலேயே அந்தப் பலூன் மெல்ல மெல்ல உப்பியது. எலுமிச்சை அளவு, தேங்காய் அளவு, கடைசியில் தம்பியின் தலை அளவு. தம்பிக்குக் கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போலிருந்தது. நகத்தளவு துணுக்கு ஒரு பலூனை நிரப்பினால் இரண்டு பெட்டி எதையெல்லாம் நிரப்பும் என்று அங்கே ஒருவரும் கணக்குப் பார்க்கவில்லை.

அத்தை மட்டும் கேட்டார், "மூச்சுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"அட, சோடாவுல இருக்கிற காத்துதாங்க இது. நம்ம தெனம் குடிக்கிறதுதான!"

எல்லாரும் சிரித்தோம். மாமா சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். கனம் என்றது உண்மை, தரையில் கிடக்கும் என்றது உண்மை, சோடாவும் உண்மை. வாழ்நாளில் மாமா கலப்படமில்லாமல் பேசிய ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

மறுநாள் காலை ஜாசின் மண்டபத்தில் கல்யாணம். இடுப்பளவு உயரத்துக்குப் பலகை மேடை, அதன்மேல் மணவறை. மேடையைச் சுற்றித் தரைவரை சிவப்புத் துணி தொங்கியது. துணிக்குப் பின்னால், பலகைக்கு அடியில், சுடுதண்ணீர் நிரப்பிய பெரிய பெரிய அலுமினியச் சட்டிகள். மாமா மேடைக்குப் பின்புறம், திறந்த கதவோரமாக உட்கார்ந்துகொண்டு, துணியைத் தூக்கிச் சட்டிகளில் ஐஸைத் தள்ளவேண்டியது. புகை முன்பக்கத் துணிக்கு அடியில் வழிந்து மண்டபத் தரையெல்லாம் பரவவேண்டியது. அவருடைய திட்டம் அதுதான். காற்று அடித்தால் மேகம் கலைந்துவிடும் என்று காற்றாடிகளை நிறுத்தச் சொல்லிவிட்டார். முன்கதவுகளையும் சாத்தச் சொல்லிவிட்டார். வந்த சனம் வேர்த்து விறுவிறுத்து அழைப்பிதழால் விசிறிக்கொண்டது.

நாதஸ்வரம் உச்சத்துக்குப் போக, புகை வந்தது. ஐயோ, என்ன அழகு! அழகாக இருந்ததை அழகாக இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். வெண்மேகம் மெல்லிசாகக் கணுக்கால்வரை நின்றது. அதற்குள் அத்தை அரக்குப் பட்டில் நடந்து வந்தார். சனம் முழுவதும் ஓவென்றது. நானும் என் வயதுப் பெண்களும் அகல் விளக்குத் தட்டுகளோடு முன்னால் வந்து, மேடைப் படியின் இரண்டு பக்கமும் தரையில் விளக்குகளை வரிசையாக வைத்தோம். அத்தை படியேறி மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை அவரைப் பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். காது சிவந்திருந்தது.

அப்போதுதான் முதல் விளக்கு அணைந்தது.

காற்றில் அணைகிற விளக்கு ஆடும், படபடக்கும், பிறகு அணையும். இது அப்படியில்லை. சுடர் சின்னதாகி, திரியை விட்டு மேலே எழும்பி, இல்லாமல் போனது. அடுத்தது. அதற்கடுத்தது. கண்ணுக்குத் தெரியாத யாரோ வரிசையாகக் கிள்ளிக்கொண்டே போவதுபோல, படியின் இந்தப் பக்கம் முடிந்து அந்தப் பக்கமும் முடிந்தது. மேடைமேல் ஆளுயரக் குத்துவிளக்கு மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் நின்று எரிந்தது.

அம்மா ஓடிவந்தார். தீக்குச்சியைக் கிழித்தார். நன்றாகத்தான் பிடித்தது. திரியருகே குனிந்து கொண்டுபோனதும் பொசுக்கென்று போனது. இன்னொன்று. அதுவும் போனது. மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"காத்தாடி ஓடல, கதவு தொறக்கல. வெளக்கு ஏங்க நிக்கமாட்டேங்குது?"

"ஒண்ணுமில்லீங்க சம்பந்தி, எண்ண சரியில்ல" என்று அப்பா வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு இரண்டு வீட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அம்மா மேடைக்குப் பின்னால் போனார். அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். அதனால் அம்மா மாமாவின் காதில் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

"இன்னும் நெறைய பொகைய உடுடா. வெளக்கு அணைஞ்சது அவங்க கண்ணுல படாம மூடட்டும்."

மாமா இரண்டாவது பெட்டியை அப்படியே சட்டிகளில் கவிழ்த்தார்.

அம்மா பெற்ற பிள்ளை, என் தம்பி, அந்த நேரத்தில் அந்தப் பலகைக்கு அடியில்தான் இருந்தான். அத்தை வருகிறார் என்று எல்லாரும் வாசலைப் பார்த்தபோது பக்கவாட்டுத் துணியைத் தூக்கி உள்ளே நுழைந்திருக்கிறான். தேவலோகத்தை உள்ளே போய்ப் பார்க்க ஆசை. டிவியில் சாமிகள் மேகத்தின்மேல் உட்காருவதைப்போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. அவன் அப்பாவோடு இருப்பதாக அம்மா நினைத்தார், அம்மாவோடு இருப்பதாக அப்பா நினைத்தார். நான் அவனை நினைக்கவே இல்லை; எனக்கு விளக்குதான் கண்ணில் நின்றது.

இரண்டாவது பெட்டியின் புகை குபுகுபுவென்று வந்தது. அணைந்த விளக்குகள் மறைந்தன. அம்மா பெருமூச்சு விட்டார். ஐயர் மறுபடி ஆரம்பித்தார். தாலித் தட்டு கூட்டத்துக்குள் ஆசீர்வாதம் வாங்கப் போய்விட்டது.

அத்தை மட்டும் தலையை நிமிர்த்தினார். தன் காலுக்குக் கீழே பலகையில் யாரோ உதைத்தது போலிருந்ததாம். முதலில் பலமாக. பிறகு மெதுவாக. பிறகு ஒன்றுமில்லை. அத்தை கூட்டத்தைத் துழாவிப் பார்த்தார்.

"அண்ணி, தம்பி எங்க?"

"இங்கதான் இருப்பான். நீ தலையக் குனி" என்றார் அம்மா.

"எங்க இருக்கான், காட்டுங்க!"

அம்மா திரும்பிப் பார்த்தார். அப்பாவிடம் அவன் இல்லை.

அத்தை எழுந்துவிட்டார்.

மணவறையில் உட்கார்ந்த பெண் தாலி ஏறுமுன் எழுந்திருப்பதாவது! மண்டபமே ஹா என்று வாயைப் பிளந்தது. "பொண்ணு எந்திரிச்சிருச்சே!" என்று யாரோ அலறினார்கள். கல்யாணம் பிடிக்காமல் ஓடப் பார்க்கிறாள் என்றே பாதிப்பேர் நினைத்தார்கள். "ஒக்காரு பாப்பா, மானம் போவுது, ஒக்காரு" என்று அப்பா கெஞ்சினார். அத்தை அப்பாவைத் தள்ளிக்கொண்டு படியில் இறங்கி, சிவப்புத் துணியை டர்ரென்று கிழித்து, மாலையும் கழுத்துமாகப் புகைக்குள் குனிந்து மறைந்தார்.

வெளியே வந்தபோது தம்பியின் ஒரு கால் அத்தையின் கையில் இருந்தது. தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். தம்பியின் தலை துவண்டு தொங்கியது. உதடு நாவல்பழம் தின்றவன் உதடுபோல இருந்தது. கண் பாதி திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. அத்தை மூச்சு வாங்கி வாங்கி அப்படியே தரையில் சரிந்தார்.

அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அது அழுகை இல்லை. என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எல்லாரும் மரம்போல நிற்க, மாப்பிள்ளை ஒருவர்தான் அசைந்தார். மேடையிலிருந்து குதித்து, தம்பியை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, சாத்திய கதவை உதைத்துத் திறந்து வெளியே ஓடினார். மரத்தடியில் கிடத்தி, "வெலகுங்க, காத்து வரட்டும், வெலகுங்கலா!" என்று கத்தினார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டோம். தம்பியின் மார்பைத் தேய்த்தார், மூக்கைப் பிடித்து வாயில் ஊதினார். பிள்ளையாரப்பா பிள்ளையாரப்பா என்று அதையே சொல்லிக்கொண்டு நின்றேன். வெகுநேரம் போலிருந்தது. பிறகு தம்பி ஒரு மூச்சு இழுத்தான். இருமினான். மாப்பிள்ளையின் பட்டு வேட்டியிலேயே வாந்தி எடுத்தான். பிறகு வீரிட்டு அழுதான். போன உயிர் திரும்பி வந்தது, அவனுக்கும் எங்களுக்கும்.

அப்பாவும் மாமாவும், அம்மாவை அத்தையோடு இருக்கச் சொல்லிவிட்டு, அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வியிலேயே விஷயம் விளங்கிவிட்டதாம். அந்த வாயு கனமானது. தாழ்வான இடத்தில் தேங்கும். தேங்கிய இடத்தில் மூச்சுக்கு வேண்டிய காற்றை மேலே தள்ளிவிட்டுத் தான் மட்டும் இருக்கும். சுவாசித்தால் முதலில் தலைவலி, அப்புறம் தூக்கம். நெருப்பும் அங்கே நிற்காது. நெருப்பை அணைக்கச் சிவப்பு உருளையில் அடைத்து மண்டபத்துச் சுவரிலேயே மாட்டியிருந்தார்களே, அதே வாயுதான்! குத்துவிளக்கு எரிந்ததும் அகல் அணைந்ததும் அதனால்தான். தரையில் மூச்சுவிட முடியாது என்று வரிசையாக விளக்கு சொல்லியிருக்கிறது. நாங்கள் அதை அத்தையின் ராசியாக்கிவிட்டோம். நான் இப்போது ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். உள்ளிருக்கும் காற்றை அளந்து பார்க்காமல் ஒருவரையும் தொட்டிக்குள் இறங்க விடமாட்டேன். முதுகுக்குப் பின்னால் என்னை மாமியார் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

மண்டபத்தில் முகூர்த்தம் தாண்டிப் போயிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அம்மாவாவது பதிலுக்குப் பேசியிருப்பார். அவர் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பயமா இருக்குங்க. இருக்கிறது இந்த ஒரு புள்ளதான். வேற நாள் பாப்போம்" என்றார். மாப்பிள்ளை அத்தையைப் பார்த்தார். பிறகு தன் அம்மாவைப் பார்த்தார். மாலையைக் கழற்றி மெதுவாக மணவறையில் வைத்துவிட்டு, வாந்தி பட்ட வேட்டியோடு அம்மாவைக் கைத்தாங்கலாகக் காருக்கு அழைத்துப் போனார். குழந்தைக்கு மூச்சுக் கொடுத்த அந்த வாயால் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

நான்கைந்து நாள் கழித்து அப்பா கோலா சுங்கை பாருவுக்கே போனார். மருத்துவர் சொன்னதையெல்லாம் எடுத்துச் சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாராம்.

"வெளக்கு எப்படி அணைஞ்சிச்சின்னு சொல்றீங்க, புரியுதுங்க. எங்க வீட்டுக் கல்யாணத்துல ஏன் அணையணும்?"

அப்பா எழுந்து வந்துவிட்டார். அந்த வேறு நாள் வரவே இல்லை. மாமா மேடைத் தொழிலையே விட்டுவிட்டார். அத்தை இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். தம்பியின் பிள்ளைகளை அவர்தான் வளர்க்கிறார்.

இதெல்லாம் அன்று சாயங்காலம் எனக்கு எப்படித் தெரியும்? தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அத்தையின் மடியில் படுத்திருந்தான். "மேகத்துல ஒக்காந்திருந்தேனா, தூக்கம் தூக்கமா வந்துச்சி" என்று கதை சொல்லிக்கொண்டிருந்தான். அத்தை கல்யாணப் பட்டைக்கூட மாற்றவில்லை. அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அப்போது அப்பா, காலையில் மாப்பிள்ளை வீட்டுக் காரில் ஏற்றியிருந்து, போகும்போது அவர்கள் இறக்கி வைத்துவிட்டுப் போன அத்தையின் புதுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து அறையில் வைத்தார்.

எனக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. துள்ளிக் குதித்தேன்.

"அப்ப அத்தை போவலியா? நம்ம கூடயே இருக்கப் போறாங்களா? ஐ, ஜாலி!"

அம்மா கையை ஓங்கிக்கொண்டு எழுந்து வந்தார். வாழ்க்கையில் என்னை அடித்தே அறியாத அம்மா. அத்தை ஒரு கையால் அதைத் தடுத்து, மறு கையால் என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"விடுங்க அண்ணி. அவளாச்சும் சந்தோஷப்படட்டும்."

என் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவர் உடம்பு குலுங்கியது. என் தலைமுடி நனைந்தது. எங்களை விட்டுப் போக அத்தைக்கும் மனசே இல்லை போலிருக்கிறது, அதுதான் இவ்வளவு சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு, நானும் அவரை இறுக்கிக் கட்டிக்கொண்டு சிரித்தேன்.